சித்திரச் சாட்சியும் அறிவிப்பாளர் வரிசையும்

திப்பு சுல்தான் என்ற பெயரைக் கேட்டதும் நம் மனக்கண்ணில் விரியும் காட்சிகள் யாவை? கார்ன்வாலிஸ் பிரபுவின் முன் பணயமாகக் கொண்டுவந்து நிறுத்தப்படும் இரு சிறுவர். கோட்டைச் சுவரின் இடிபாட்டில் ஏறும் செஞ்சட்டைப் படையினர். இருண்ட வாயிலில் பிணக்குவியலுக்கிடையே சுல்தானின் உடலை விளக்கொளியில் காணும் ஆங்கிலத் தளபதி. வரலாற்று நூல்களும் வார இதழ்களும் நம் சமுதாய மலர்களும் இக்காட்சிகளையே மீண்டும் மீண்டும் அச்சிட்டு வந்துள்ளன. இவற்றைப் பார்த்தே, அன்று இப்படித்தான் நடந்தது என்று பேசுகிறோம், எழுதுகிறோம், மேடைகளில் கண்ணீர் மல்க வருணிக்கிறோம். இக்காட்சியை நமக்கு அறிவித்தவர் யார், அவர் அங்கே இருந்தாரா என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

ஒரு செய்தி செவிக்கு எட்டியதும் அதன் இஸ்னாதை, அதாவது அறிவிப்பாளர் வரிசையைக் கேட்ட மரபில் வந்தவர்கள் நாம். செய்தி கொண்டுவருபவனின் தரத்தை நோக்கித் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. சொல்லால் வரும் செய்திக்கு இத்துணை விழிப்புக் காட்டும் நாம், கோட்டாலும் வண்ணத்தாலும் வரும் செய்தியின் முன் எவ்விதக் கேள்வியுமின்றி அமர்ந்துவிடுவது ஏன்? பழஞ்சித்திரங்களைக் கொண்டு வரலாற்று நிகழ்வுகளை ஊகிக்கும் வழக்கத்தை இக்கோணத்திலிருந்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். உருவப்படம் பற்றிய மார்க்கச் சட்ட விவாதத்துள் நாம் இங்கு நுழையவில்லை. படத்தைச் சாட்சியாக ஏற்பதற்குரிய நிபந்தனைகளே இங்கு நம் பேசுபொருள்.

செப்புத் தகட்டின் வழி

புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். அதற்கு முந்தைய போர்களும் உடன்படிக்கைகளும் மக்கள் பார்வைக்கு வந்தது பெரும்பாலும் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படங்களின் வழியேதான். ஓவியர் வண்ண ஓவியம் ஒன்றைத் தீட்டுவார். செதுக்குபவர் அதைப் பார்த்துத் தகட்டில் கூரிய உளியால் கோடு கோடாக வெட்டுவார். வெட்டிய பள்ளங்களில் மையை நிரப்பித் தாளை அழுத்தி எடுப்பார்கள். தகட்டில் உள்ளது தாளில் இடவலம் மாறி விழும். செதுக்குபவர் முன்கூட்டியே திருப்பி வெட்டாவிடில், வலக்கையில் இருந்த வாள் இடக்கைக்குப் போய்விடும். பின்னர் வெளியீட்டாளர் அடியில் தலைப்பு ஒன்றை எழுதுவார். ஆக, நிகழ்வுக்கும் நம் கண்ணுக்கும் இடையே ஓவியர், செதுக்குபவர், வெளியீட்டாளர் என மூவரேனும் நிற்கின்றனர். ஓவியரே நிகழ்விடத்தில் இல்லாதவராயின், அவருக்குச் செய்தி சொன்னவர் நான்காமவர்.

ஒரே படம் வெவ்வேறு தலைப்புகளில் விற்கப்படுவதும் புதிதன்று. 1493இல் ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில் அச்சான புகழ்பெற்ற உலக வரலாற்று நூலில் 1,809 படங்கள் உள்ளன. அவற்றுக்கெனச் செதுக்கப்பட்ட மரக்கட்டைகளோ 645 மட்டுமே. ஒரு நகரத்தின் படமே பெயர் மாறி வேறு நகரங்களாகவும், ஓர் அரசரின் முகமே வேறு அரசர்களாகவும் அங்கே வருகின்றன. அக்கால வாசகர்க்கு இது குறையாகப் பட்டிருக்காது. படம் நூலுக்கு அணி, சாட்சியன்று. அணியைச் சாட்சியாக்கியவர்கள் பிற்காலத்தினராகிய நாமே.

பணயச் சிறுவர்

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792 பிப்ரவரி 26 அன்று, திப்பு சுல்தானின் புதல்வர்களான அப்துல் காலிக், முயிஸுத்தீன் ஆகிய இருவரும் கார்ன்வாலிஸிடம் பணயமாக ஒப்படைக்கப்பட்டனர். இந்நிகழ்வைத் தீட்டிய ஓவியர் பலர். அவர்களுள் இருவரை எடுத்துக்கொள்வோம்.

முதலாமவர் ராபர்ட் ஹோம். இவர் கார்ன்வாலிஸின் படையுடன் சென்ற ஓவியர். ஒப்படைப்பு நிகழ்ந்தபோது பாசறையில் இருந்தவர். தாம் தீட்டிய ஓவியத்தின் ஓரத்தில் தம் உருவத்தையும் வரைந்து வைத்தார். நானும் இருந்தேன் என்று கையொப்பமிட்டதற்கு ஒப்பான செயல் இது. இரண்டாமவர் மாதர் பிரவுன். அமெரிக்காவில் பிறந்து லண்டனில் தொழில் நடத்தியவர், இந்தியாவுக்கு வந்தவரல்லர். இவரும் இப்பொருளில் ஓவியங்கள் தீட்டினார். அவை செதுக்குப் படங்களாக வீடுதோறும் பரவின. அவற்றுள் ஒன்று, சிறுவர் இருவரும் அந்தப்புரத்தினின்று விடைபெற்றுப் புறப்படும் காட்சி.

அந்தப்புரத்தினுள் நடந்ததை எந்த ஆங்கிலேயர் கண்டார்? எவர் கண்டு எவரிடம் சொல்லி அது லண்டன் ஓவியரை எட்டியது? அறிவிப்பாளர் வரிசையை எழுதிப் பார்த்தால் முதற்படியிலேயே அது அறுந்து கிடக்கிறது. தாய்மாரின் கதறலும் தோழியரின் தவிப்பும் நடந்திருக்கக்கூடியவையே. ஆயினும் நடந்திருக்கக்கூடியது வேறு, நடந்ததாகச் சான்று உள்ளது வேறு.

அவ்வாறாயின் கண்கண்ட சாட்சியாகிய ஹோமின் ஓவியத்தை முழுமையாக ஏற்கலாமா? அங்கும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. ஹோம் எதைக் கண்டார் என்பதோடு, கண்டவற்றுள் எதைத் தீட்டத் தேர்ந்தார் என்பதையும் நாம் கேட்டாக வேண்டும். பணயச் சிறுவரைப் பற்றிய சித்திரங்கள் கார்ன்வாலிஸைத் தந்தை வடிவில் காட்டுகின்றன. அன்புடன் கைநீட்டும் பெரியவர், நாணி நிற்கும் குழந்தைகள். உடன்படிக்கையின் வாசகமோ வேறு கதை சொல்கிறது. சுல்தானின் நாட்டில் பாதியும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயும் கேட்கப்பட்டன. அவற்றுக்கு ஈடாகவே பிள்ளைகள் பிடித்துவைக்கப்பட்டு, 1794இல் திருப்பி அனுப்பப்பட்டனர். பணத்துக்காகப் பிள்ளைகளைப் பிடித்துவைத்த செயல், சித்திரத்தில் பரிவாகத் தோற்றம் கொள்கிறது. உண்மையைச் சொல்லிக்கொண்டே உண்மையை மறைக்க இயலும் என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

மே 4, 1799

ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை வீழ்ந்ததும் சுல்தான் ஷஹீதானதும் 1799 மே 4 அன்று. மறு ஆண்டே ராபர்ட் கெர் போர்ட்டர் என்ற இளைஞர், ஏறத்தாழ 120 அடி நீளமுள்ள மாபெரும் ஓவியமொன்றில் கோட்டைத் தாக்குதலைத் தீட்டி லண்டனில் கட்டணக் காட்சிக்கு வைத்தார். அதை ஆறு வாரத்தில் முடித்தார் என்று அவர் வரலாறு கூறுகிறது. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டோ இருபத்து மூன்றோ. இந்தியாவை அவர் கண்டதில்லை. மூல ஓவியம் இன்று இல்லை. வென்ட்ராமினி என்பார் அதைப் பார்த்துச் செதுக்கிய படங்களே எஞ்சியுள்ளன. கோட்டை வீழ்ந்த நாளின் காட்சி என்று நூல்களில் நாம் காண்பவற்றுள் இவையும் அடங்கும்.

இதே போர்ட்டர் பின்னாளில் ஈரான் சென்று, பண்டைய பெர்ஸெபோலிஸ் நகரின் சிற்பங்களை நேரில் நின்று வரைந்தார். அப்படங்களின் துல்லியத்தை அறிஞர்கள் இன்றளவும் மதிக்கின்றனர். ஒரே மனிதர், ஒரே கை; கண்டு வரைந்தபோது நம்பத்தக்கவர், காணாது வரைந்தபோது நம்பத்தகாதவர். ஹதீஸ் கலை மாணவர்க்கு இது வியப்பளிக்காது. இஸ்மாயீல் பின் அய்யாஷ் என்ற அறிவிப்பாளர், தம் ஷாம் நாட்டவரிடமிருந்து அறிவிக்கையில் ஏற்கப்படுபவர். ஹிஜாஸ் வாசிகளிடமிருந்து அறிவிக்கையில் பலவீனமானவர் எனத் திறனாய்வாளர்கள் பிரித்துரைத்ததை நாம் வகுப்புகளில் ஓதுகிறோம். ஆளை முழுமையாக ஏற்பதும் முழுமையாகத் தள்ளுவதும் நம் முன்னோர் வழியன்று.

அடுத்தது, சுல்தானின் உடலைத் தளபதி டேவிட் பேர்டு காணும் சித்திரம். இதைத் தீட்டிய டேவிட் வில்கி அதைக் காட்சிக்கு வைத்தது 1839இல். நிகழ்வுக்கு நாற்பது ஆண்டுகள் கழித்து. பேர்டு 1829இலேயே மறைந்துவிட்டார். ஓவியத்தைப் பணம் கொடுத்து வரையச் செய்தவர் அவருடைய மனைவி. கணவரின் புகழை நிலைநிறுத்த விரும்பிய ஒருவரின் வேண்டுகோளின்படி, இந்தியாவைக் காணாத ஒருவர் தீட்டியது என்பதே இச்சாட்சியின் தகுதி.

எனினும் இதை முற்றிலும் புனைவென்று ஒதுக்கவும் முடியாது. அன்று மாலை அவ்வாயிலில் இருந்த ஆலன் என்ற அதிகாரி எழுதிவைத்த விவரம் நமக்குக் கிடைக்கிறது. பிணங்களிடையே விளக்கொளியில் உடல் அடையாளம் காணப்பட்டதும் பேர்டு அங்கிருந்ததும் அதனால் உறுதியாகின்றன. சுல்தான் மெல்லிய வெண்ணிற மேலங்கியும் பூவேலைச் சீட்டித் துணியாலான கால்சட்டையும் அணிந்திருந்தார், இடையில் செந்நிறத் துணி, தலைப்பாகை விழுந்துபோயிருந்தது, கையில் ஒரு தாயத்தைத் தவிர அணிகலன் ஏதுமில்லை என்பது அவர் தரும் செய்தி. மணிமுடியும் மின்னும் ஆபரணங்களுமாகச் சுல்தானின் இறுதி நேரத்தைக் கற்பனை செய்வோர் இவ்விவரத்தை நினைவிற்கொள்ள வேண்டும். எளிய உடையில், படையினருள் ஒருவராக நின்று வீழ்ந்த மன்னரை எதிரியின் எழுத்தே நமக்குக் காட்டுகிறது.

வில்கியின் ஓவியத்தில் பேர்டின் காலடியில் இரும்புக் கம்பிகளிட்ட நிலவறைத் திறப்பு ஒன்று காணப்படும். 1780 முதல் 1784 வரை பேர்டு இந்நகரில் சிறைப்பட்டிருந்ததை நினைவூட்டவே ஓவியர் அதை அங்கு வைத்தார். அன்று சிறையில் கிடந்தவன் இன்று வெற்றியாளனாக அதன்மேல் நிற்கிறான் என்பது கருத்து. ஹதீஸின் மூல வாசகத்துள் அறிவிப்பாளர் தம் சொல்லைச் செருகிவிட்டால் அதை 'முத்ரஜ்' என்பர். இக்கம்பித் திறப்பு சித்திரத்தின் முத்ரஜ். செருகலைப் பிரித்தெடுத்தபின் எஞ்சுவதற்கே சாட்சி மதிப்பு உண்டு.

நம் தரப்புச் சுவரோவியம்

பேர்டு சிறைப்பட்டது எந்தப் போரில்? காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று நடந்த போரில். ஆங்கில நூல்கள் அதைப் பொல்லிலூர் என்று எழுதும். கர்னல் பெய்லியின் ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட படையை ஹைதர் அலியும் இளவரசர் திப்புவும் அங்கு முறியடித்தனர். காஞ்சியில் இருந்த தளபதி மன்றோ உரிய நேரத்தில் உதவிக்கு வந்து சேரவில்லை. இவ்வெற்றியின் காட்சியை ஸ்ரீரங்கப்பட்டணத்தின் தரியா தௌலத் பாக் மாளிகைச் சுவரில் இன்றும் காணலாம். இங்கு அறிவிப்பாளர் நம் தரப்பினர். ஆதலால் நம் உள்ளம் உடனே ஏற்க விரைகிறது. இங்குதான் நாம் கூடுதல் எச்சரிக்கை கொள்ள வேண்டும்.

அச்சுவரோவியத்தின் நடுவே ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டி வெடிக்கிறது. உயிர்தப்பிய ஆங்கிலேயரின் குறிப்புகளும் அதையே சொல்கின்றன. தோற்றவரும் வென்றவரும் ஒன்றுபட்டு உரைப்பது வலுவான சாட்சி. ஹதீஸ் கலையின் மொழியில் சொன்னால், ஒன்றுக்கு மற்றொன்று 'ஷாஹித்'. பெய்லி பல்லக்கில் அமர்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருப்பதாகவும் ஓவியம் காட்டுகிறது. இதைக் கொண்டு, போர்க்களத்தில் அவர் நகங்கடித்து உட்கார்ந்திருந்தார் என வரலாறு எழுதுவது பிழை. பாரசீக ஓவிய மரபில் விரலை வாயில் வைத்தல் திகைப்பின் குறி. மறுமையில் அநீதியாளன் தன் கைகளைக் கடித்துக்கொள்வதை அல்ஃபுர்கான் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் கூறுவதை அறிந்தவர், கைவருத்தத்தின் மொழி இது என்பதையும் அறிவர். ஓவியரின் மொழியறியாது ஓவியத்தைப் படிப்பது, அரபி இலக்கணமறியாது அரபிக் கவிதைக்கு உரை சொல்வதை ஒத்ததாகும்.

இனி இதன் இஸ்னாத். மாளிகை 1784இல் எழுந்தது. அவ்வோவியம் இடையில் சிதைக்கப்பட்டது. வெள்ளையடித்து மறைக்கவும் பட்டது. 1854இல் டல்ஹௌசி பிரபு அங்கு வந்தபோது, பழைய ஓவியத்தை நினைவில் வைத்திருந்த ஓவியர் ஒருவரைக் கொண்டு மீண்டும் தீட்டுமாறு பணித்தார். எனவே நாம் காண்பது, நிகழ்ந்து எழுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், ஒருவரின் நினைவிலிருந்து எழுந்த வடிவம். அறிவிப்பாளரின் நினைவாற்றலைச் சோதிப்பது நம் மரபு. அச்சோதனையை எதிரியின் படத்துக்கு மட்டும் வைத்து, நம் வெற்றிப் படத்துக்கு விலக்களிப்பது நீதியாகாது.

எம் பிழை

பிறர் பிழையைக் கூறிய நாம் எம் பிழையையும் கூறக் கடமைப்பட்டுள்ளோம். சில ஆண்டுகளுக்கு முன் எம் கல்லூரியின் ஆண்டு மலரில், அப்பாஸிய ஆட்சியின் அறிவுப் பணி குறித்து நாம் எழுதிய கட்டுரையோடு ஒரு சித்திரத்தையும் அச்சிடச் செய்தோம். நூலகத்தில் தலைப்பாகை அணிந்த அறிஞர்கள் கூடியிருக்கும் படம். அதன்கீழ், 'பக்தாதின் பைத்துல் ஹிக்மாவில் அறிஞர்கள்' என்று எழுதினோம். ஓராண்டு கழித்து ஹரீரியின் 'மகாமாத்' இரண்டாம் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுந்து, "ஹள்ரத், நம் மலரில் வந்த படம் இந்தப் பாடத்தின் காட்சியைப் போலல்லவா இருக்கிறது?" என்று கேட்டார். எமக்கு விடை சொல்ல நா எழவில்லை.

மாணவர் கூறியதே சரி. அச்சித்திரம் யஹ்யா பின் மஹ்மூத் அல்வாஸிதீ என்பார் ஹிஜ்ரி 634 (கி.பி. 1237) ரமளானில் எழுதியும் தீட்டியும் முடித்த 'மகாமாத்' கையெழுத்துப் பிரதியில் உள்ளது. 99 சித்திரங்கள் கொண்ட அப்பிரதி இன்று பாரீஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. காட்சி நிகழும் இடம் கதைசொல்லியின் சொந்த ஊர் நூலகம். பஸ்ரா எனக் கொள்ளப்படுவது. அங்கே கந்தலாடையுடன் வந்து கடைசி வரிசையில் அமர்ந்து, பின் தன் சொல்வன்மையால் அவையை ஆளும் அபூ ஸைத் ஒரு கற்பனைப் பாத்திரம். பைத்துல் ஹிக்மா ஓங்கியிருந்த கலீஃபா மஃமூனின் ஆட்சியோ 813 முதல் 833 வரை. ஊர் வேறு, காலம் நானூறு ஆண்டு வேறு, நிகழ்வோ கற்பனை. எனினும் அப்படம் இன்றளவும் எத்தனையோ நூல்களில் பைத்துல் ஹிக்மாவாகவே வலம்வருகிறது. நம் பெருமைக்கு உகந்தது என்பதால் நாமும் இஸ்னாத் கேட்கவில்லை. ஓதிக்கொடுக்கும் நூலின் காட்சியையே அடையாளம் காணாத அளவுக்கு அப்பெருமை எம் கண்ணை மறைத்தது.

அப்படம் எதற்குமே சாட்சியாகாதா எனில், ஆகும். பின்னணியிலுள்ள மாடங்களில் நூல்கள் நிறுத்தி வைக்கப்படாமல், ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கை வாட்டில் அடுக்கப்பட்டுள்ளன. இதை வலியுறுத்த வேண்டிய தேவை ஓவியருக்கு இல்லை. தம் காலத்தில் கண்டதைத் தன்னியல்பாக வரைந்தார். அதே பிரதியில் முப்பத்தொன்பதாம் மகாமாவுக்குரிய கப்பலின் சித்திரம், பலகைகள் கயிற்றால் தைக்கப்பட்டிருப்பதையும் பின்புறத்தில் சுக்கான் பொருத்தப்பட்டிருப்பதையும் காட்டுகிறது. கப்பல் வரலாற்றாசிரியர்கள் அதைப் பெரிதும் மதிப்பது இதனாற்றான். நம் கடற்கரையில் வழங்கும் 'சுக்கான்' என்ற சொல்லே அரபியின் 'ஸுக்கான்' அல்லவா? ஓவியர் சொல்ல முனைந்ததைக் காட்டிலும், சொல்ல எண்ணாமல் விட்டுச்சென்றது பல வேளை உறுதியான சாட்சியாகிறது.

செய்ய வேண்டுவது

அல்லாமா இப்னு கல்தூன் (ரஹ்) தம் 'முகத்திமா'வில், அலெக்ஸாந்தர் கண்ணாடிப் பெட்டியில் கடலடிக்குச் சென்று பூதங்களைப் பார்த்து அவற்றின் உருவங்களை வரைந்துவந்தார் என மஸ்ஊதீ எடுத்தெழுதிய கதையைக் கண்டிக்கிறார். மூடிய பெட்டிக்குள் நீரடியில் மனிதன் மூச்சுவிட இயலுமா என்பதே அவர் எழுப்பும் வினா. நிகழக்கூடியதா என்பதை முதலில் பார். பின்னர் அறிவிப்பாளரை ஆராய் என்பது அவர் காட்டும் முறை. சித்திரங்களுக்கும் இவ்விரு அளவுகோல்களே போதுமானவை. இணையத்தில் திப்பு சுல்தானின் அசல் புகைப்படம் என ஒன்று வலம்வருகிறதே, அதற்கு முதல் அளவுகோலே போதும். அவர் ஷஹீதாகி நாற்பது ஆண்டுகள் கழித்தன்றோ புகைப்படம் உலகுக்கு அறிமுகமாயிற்று!

இதைவிட எம்மை வருத்துவது வேறொன்று. சுல்தான் தம் கைப்பட பார்ஸியில் எழுதிய கனவுக் குறிப்பேடு லண்டனில் பாதுகாக்கப்படுகிறது. இரு ஆட்சிகளையும் அருகிருந்து கண்ட கிர்மானியின் 'நிஷானே ஹைதரி' பார்ஸியில் உள்ளது. சுல்தானின் நூலகத்திலிருந்த அரபி, பார்ஸி நூல்களின் விளக்கப் பட்டியலைச் சார்லஸ் ஸ்டூவர்ட் 1809இலேயே அச்சிட்டுவிட்டார். இவற்றைப் படிக்கும் மொழிப் பயிற்சி ஒரு காலத்தில் நம் மதரஸாக்களில் இயல்பாகக் கிடைத்தது. பார்ஸிப் பாடம் ஒவ்வோரிடமாகக் கைவிடப்பட, மூலத்தைப் படிக்கத் தகுதி பெற்றிருந்த நாம், லண்டன் கடைத்தெருவில் விற்பனைக்கு வந்த படங்களைப் பார்த்து நம் வரலாற்றை ஊகிக்கும் நிலைக்கு இறங்கியிருக்கிறோம். சித்திரத்தை நோவதில் பயனில்லை. சொல்லைக் கைவிட்டவர்க்குச் சித்திரமே எஞ்சும்.

மலர் வெளியிடுவோர்க்கும் பாடநூல் எழுதுவோர்க்கும் எமது வேண்டுகோள் எளியது. ஒரு பழஞ்சித்திரத்தை அச்சிடும்போது, வரைந்தவர் யார், எந்த ஆண்டு, நிகழ்விடத்தில் இருந்தாரா என மூன்றையும் அடியில் ஒரு வரியில் எழுதுங்கள். தெரியாவிடில் தெரியாது என்றே எழுதுங்கள். நம் இமாம்கள் அதைச் சொல்ல வெட்கப்பட்டதில்லை. அவ்வழியில், எம் மலரில் வந்த படத்துக்குரிய திருத்தத்தை இங்கேயே பதிகிறோம்: வரைந்தவர் வாஸிதீ, ஆண்டு 1237, காட்சி, ஹரீரியின் கற்பனையில் எழுந்த ஊர் நூலகம். பைத்துல் ஹிக்மா அன்று.